ரத்த-மூளைத் தடுப்பு பழுதாவது என்றால் என்ன? ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் பார்ப்பது

ஆய்வுப் பயிற்சியில் சேர்ந்து இரண்டாவது வாரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சிறிய பிளாஸ்டிக் குழிக்குள் இன்னொரு குழி தொங்குகிறது. உள்ளே இருப்பதன் அடிப்பாகம் நுண்துளைகள் கொண்ட மெல்லிய சவ்வு. அதன் மேல் மூளை ரத்தக்குழாயின் செல்கள் ஒன்றையொன்று ஒட்டி ஒரே அடுக்காக வளர்ந்திருக்கின்றன. ரத்தத்தில் ஓடுபவை கண்டபடி மூளைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளும் ரத்த-மூளைத் தடுப்பு என்பது இந்த அடுக்குதான். மாணவர் ஒரு மின்முனையை மேலும் இன்னொன்றைக் கீழும் திரவத்தில் வைத்து மின்தடையை அளக்கிறார். செல்கள் எவ்வளவு நெருக்கமாக ஒட்டியிருக்கின்றனவோ அவ்வளவு கூடுதலாகத் தடை காட்டும். உயிருள்ள மூளையின் நுண்குழாய்களில் இந்த அளவு 1,500 ஓம் சதுர சென்டிமீட்டரைத் தாண்டும் என்று படித்திருக்கிறார். கருவி காட்டுவது 40.

செல்களைக் கெடுத்துவிட்டோமோ என்ற பயம்தான் முதலில் வரும். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் நன்றாகவே இருக்கின்றன. வழிகாட்டியும் எண்ணைப் பார்த்துவிட்டு, "இந்தச் செல்லுக்கு இதுதான் வரும்" என்கிறார். நோய் எதுவும் இல்லை, மருந்து எதுவும் போடவில்லை. அப்படியிருந்தும் தடுப்பு பெரும்பகுதி காணாமல் போயிருக்கிறது. ஏன்? பக்கவாதத்திலும் வலிப்பிலும் அல்சைமர் நோயிலும் இந்தத் தடுப்புக்கு என்ன ஆகிறது என்று படிக்க வந்தவருக்கு, அந்தப் பாடத்தின் முக்கால்வாசி இந்த 40 என்ற எண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

சாயம் ஏறாத மூளை

1885-இல் பால் எர்லிக் விலங்குகளின் ரத்தத்தில் சாயம் ஏற்றிப் பார்த்தார். உடம்பின் உறுப்புகள் எல்லாம் நிறம் மாறின, மூளை மட்டும் வெளுத்தே இருந்தது. மூளைத் திசுவுக்கு அந்தச் சாயத்தைப் பிடித்துவைக்கும் தன்மை குறைவு என்று அவர் விளக்கம் சொன்னார். அவரிடம் பணியாற்றிய எட்வின் கோல்ட்மன் 1913-இல் அதையே தலைகீழாகச் செய்தார். டிரிபான் நீலத்தை மூளையைச் சூழ்ந்திருக்கும் தண்டுவடத் திரவத்தில் ஏற்றினார். இப்போது மூளை நீலமானது, மற்ற உடம்பு அப்படியே இருந்தது. அப்படியானால் மூளை சாயத்தை வாங்கிக்கொள்ளும். ரத்தத்திலிருந்து அது அங்கே போய்ச் சேர முடியவில்லை, அவ்வளவுதான். ஊசி போடும் இடத்தை மாற்றியதிலேயே ஒரு விளக்கம் விழுந்து இன்னொன்று எழுந்தது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தெளிவு தந்த சோதனைகள் உயிரியலில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம்.

இந்தத் துறைக்கு அதன் பெயரையும் முறையான ஆய்வையும் தந்தவர்களில் முக்கியமானவர் லீனா ஷ்டெர்ன். 1918-இல் ஜெனீவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண் அவர். 1921-இல் தன் ஆய்வுகளில் 'ரத்த-மூளைத் தடுப்பு' என்ற சொல்லை எடுத்தாண்டார். இந்தத் தடுப்பு வெறுமனே மறிப்பதில்லை, எதை விடுவது என்று தேர்ந்தெடுக்கிறது, மூளையின் உள்சூழலைச் சீராக வைத்திருக்கிறது என்று அப்போதே வலியுறுத்தினார். 1925-இல் மாஸ்கோவுக்குப் போனார். 1939-இல் சோவியத் அறிவியல் அகாதெமியின் முழு உறுப்பினரான முதல் பெண் ஆனார். பத்து ஆண்டுகள் கழித்து, 1949-இல், பாசிசத்தை எதிர்த்த யூதர் குழு மீதான வழக்கில் கைது செய்யப்பட்டார். 1952 ஆகஸ்டில் அந்த வழக்கில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தண்டனையில் உயிரோடு விடப்பட்டவர் ஷ்டெர்ன் ஒருவர்தான். நாடுகடத்தப்பட்டு, ஸ்டாலின் இறந்தபிறகு மாஸ்கோ திரும்பி, மறுபடி ஆய்வில் இறங்கினார். இந்தச் சொல்லை நாம் இன்று சர்வசாதாரணமாகப் பயன்படுத்துகிறோம். அதன் பின்னால் இப்படி ஒரு வாழ்க்கை இருப்பது தெரிந்திருக்க வேண்டும்.

தடுப்பு சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்ற கேள்விக்கு 1967 வரை உறுதியான பதில் இல்லை. ரத்தக்குழாயை வெளியிலிருந்து கால்களால் பற்றியிருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்கள்தான் தடுப்பு என்று பலர் நம்பினார்கள். தாமஸ் ரீஸும் மோரிஸ் கார்னோவ்ஸ்கியும் சுண்டெலிகளின் ரத்தத்தில் ஒரு நொதியை ஏற்றி, அது எங்கே நிற்கிறது என்று எலக்ட்ரான் நுண்ணோக்கியில் தேடினார்கள். குழாயின் உள்சுவரான எண்டோதீலியல் செல்கள் ஒன்றோடொன்று சேரும் இடத்திலேயே அது நின்றுவிட்டிருந்தது. அங்கே இரண்டு செல்களின் சவ்வுகளும் தையல் போட்டதுபோல் ஒட்டியிருந்தன. இதற்கு 'இறுக்கச் சந்திப்பு' என்று பெயர். அந்தத் தையலின் நூல்களாக உள்ள புரதங்களைப் பின்னால் கண்டுபிடித்தார்கள். ஆக்லூடின் 1993-இல், க்ளாடின் குடும்பத்தின் முதல் புரதங்கள் 1998-இல். மூளைக் குழாய்களில் அதிகம் இருப்பது க்ளாடின்-5.

தையல் மட்டும் போதாது

தடுப்பு என்றதும் மதில் ஒன்று கண்முன் வந்து நிற்கும். இந்தப் படத்தோடு ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தால் முதல் மாதம் முழுக்கக் குழப்பம்தான். மூளை உடம்பின் எடையில் 2 சதவீதம், ஆனால் சக்தியில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. முழுக்க மூடிய மதிலுக்குள் அது சில நிமிடங்கள்கூடத் தாங்காது. ஆக்சிஜன், கார்பன் டை ஆக்சைடு, கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள் சவ்வு வழியாகத் தாமே கடக்கும். குளுக்கோஸால் அப்படி முடியாது. அதற்கென்று குளூட்-1 என்ற கடத்திப் புரதம் இருக்கிறது. பெரிய அமினோ அமிலங்களுக்கு வேறொரு கடத்தி. பார்க்கின்சன் நோயாளிக்கு டோபமைனைக் கொடுக்காமல் லெவோடோபாவைக் கொடுப்பதற்கும் இதுதான் காரணம். டோபமைன் தடுப்பைத் தாண்டாது. லெவோடோபா அமினோ அமில வேடத்தில் அந்தக் கடத்தியில் ஏறி உள்ளே போய், அங்கே டோபமைனாக மாறுகிறது.

உள்ளே விடும் வாசல்கள் இப்படி என்றால், வெளியே தள்ளும் பம்புகளும் உண்டு. அவற்றில் பேர்போனது பி-கிளைக்கோபுரோட்டீன். அது என்ன செய்கிறது என்பது ஒரு விபத்தில்தான் கண்கூடாகத் தெரிந்தது. ஆம்ஸ்டர்டாமில் ஆல்பிரட் ஷின்கெல் குழுவினர் இந்தப் பம்பின் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை வளர்த்தார்கள். அவை பார்ப்பதற்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தன. பிறகு எலிக்கூடத்தில் உண்ணி தொற்றியது. வழக்கம்போல ஐவர்மெக்டின் தெளித்தார்கள். சாதாரண எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, பம்பு இல்லாத எலிகள் செத்து விழுந்தன. 1994-இல் வெளியான அந்த ஆய்வின்படி, அவை அந்த மருந்துக்குச் சுமார் 100 மடங்கு அதிகம் பாதிக்கப்படுபவை. இத்தனைக்கும் செல்களுக்கு இடையிலான தையலில் ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை. சில கோலி வகை நாய்களுக்கு ஐவர்மெக்டின் ஆபத்தாவதும் இதே மரபணுவில் உள்ள பிறழ்வால்தான்.

மனிதர்களிலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1991-இல் டேரில் டி விவோவும் சகாக்களும் வலிப்பு நிற்காத இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதினார்கள். ரத்தத்தில் குளுக்கோஸ் அளவு சரியாக இருந்தது, தண்டுவடத் திரவத்தில் மிகக் குறைவாக இருந்தது. குளூட்-1 குறைபாடுதான் காரணம். ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் மூளை பசியில் வாடியது. கீட்டோன்கள் வேறு கடத்தி வழியாக உள்ளே போகும் என்பதால், கொழுப்பு மிகுந்த கீட்டோ உணவு இந்தக் குழந்தைகளுக்கு மருந்தாகிறது. இதுவும் ரத்த-மூளைத் தடுப்பின் பழுதுதான். ஆனால் இங்கே எதுவும் கசியவில்லை.

ஆகவே 'தடுப்பு பழுதாகியிருக்கிறது' என்று ஒரு கட்டுரை சொன்னால், எந்தப் பழுது என்று கேட்டாக வேண்டும். தையல் பிரிந்ததா? செல்லுக்குள் குமிழ்குமிழாகப் பொருள்கள் ஏறி மறுபுறம் இறங்குவது கூடியதா? வெளியேற்றும் பம்பு ஓய்ந்ததா? ஊட்டம் தரும் கடத்தி குறைந்ததா? நோய் எதிர்ப்புச் செல்கள் நுழைய ஒட்டுப்பசை முளைத்ததா? ஒவ்வொன்றுக்கும் சோதனை வேறு, மருந்தும் வேறு. கசிவு என்ற ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடக்குவதுதான் இந்தத் துறையில் நான் பார்க்கும் பெரிய குறை.

தையலிலேயேகூட அளவுக்கணக்கு உண்டு. க்ளாடின்-5 இல்லாத எலிகளை 2003-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் உருவாக்கினார்கள். குழாய்கள் வடிவம் மாறாமல் இருந்தன, ரத்தம் ஒழுகவில்லை, பெரிய புரதங்களும் தாண்டவில்லை. சுமார் 800 டால்டனுக்கு (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) குறைந்த மூலக்கூறுகள் மட்டும் உள்ளே போயின. அந்தக் குட்டிகள் பிறந்த பத்து மணி நேரத்துக்குள் இறந்தன. பெரிய மூலக்கூறை மட்டும் வைத்துச் சோதிப்பவருக்கு அங்கே தடுப்பு முழுசாக இருப்பதாகத்தான் தெரியும்.

மூளை கற்றுக்கொடுத்த குணம்

இனி அந்த 40-க்கு வருவோம்.

மூளைக்குள் ஓடும் ரத்தக்குழாய்கள் பிறவியிலேயே இப்படி இறுக்கமானவையா? 1981-இல் பட்ரீஷியா ஸ்டூவர்ட்டும் மைக்கேல் வைலியும் இதைக் காடைக் கருவையும் கோழிக் கருவையும் வைத்துச் சோதித்தார்கள். இளம் மூளைத் துண்டை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப் பகுதியில் பதித்தார்கள். வயிற்றுப் பகுதியின் சாதாரணக் குழாய்கள் அதற்குள் வளர்ந்து புகுந்தன. புகுந்தவை மூளைக் குழாய்களின் குணத்தைப் பெற்றுவிட்டன, சாயத்தைத் தடுத்தன. மூளைக்குள் பதித்த வேறு திசுவிலோ, மூளையிலிருந்து வந்த குழாய்களே கசிந்தன. இறுக்கம் குழாயின் சொந்தக் குணம் இல்லை, அக்கம்பக்கம் கற்றுக்கொடுத்தது.

கற்றுக்கொடுப்பவர்கள் யார் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவந்தது. வின்ட் என்ற சமிக்ஞை இல்லாவிட்டால் கருவின் மூளைக்குள் குழாய்கள் ஒழுங்காக வளர்வதும் இல்லை, தடுப்பு உருவாவதும் இல்லை. இது 2008-09-இல் வந்த ஆய்வுகளில் வெளிப்பட்டது. குழாயை வெளியிலிருந்து அணைத்திருக்கும் பெரிசைட் செல்களைப் பற்றி 2010-இல் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் எழுதின. பெரிசைட் குறைந்தால் தடுப்பு குறைகிறது, குறிப்பாகக் குமிழ்வழிப் போக்குவரத்து கூடிவிடுகிறது. ஆஸ்ட்ரோசைட்டுகளும் தம் பங்குக்குச் சமிக்ஞைகளை அனுப்பியபடி இருக்கின்றன. பாடம் கருவில் ஒருமுறை நடந்து முடிவதில்லை. வாழ்நாள் முழுக்கத் தினமும் நடக்கிறது.

எண்டோதீலியல் செல்களை மட்டும் பிரித்தெடுத்து பிளாஸ்டிக்கில் வளர்த்தால் அந்தக் குரல்கள் எல்லாம் நின்றுபோகின்றன. செல்கள் சில நாள்களில் தம் குணத்தை மறக்கத் தொடங்குகின்றன. ஒவ்வொரு முறை பிரித்து மறுபடி வளர்க்கும்போதும் இன்னும் கொஞ்சம் மறக்கின்றன. 2005-இல் வெளியாகிப் பல ஆய்வுக்கூடங்களில் புழங்கும் ஒரு மனிதச் செல்வரிசையில் மின்தடை பெரும்பாலும் 30 முதல் 50 வரைதான். கிண்ணத்தின் அடியில் பெரிசைட்டையும் ஆஸ்ட்ரோசைட்டையும் சேர்த்து வளர்த்தால் எண் ஏறும். ஆனாலும் உயிருள்ள மூளையை எட்டுவது அரிது. 2012-இல் தூண்டப்பட்ட தண்டுச் செல்களிலிருந்து (சாதாரணச் செல்லை எந்தச் செல்லாகவும் மாறக்கூடிய நிலைக்குத் திருப்பியவை) இந்தச் செல்களை உருவாக்கும் வழி வந்தது, மின்தடை ஆயிரத்தைத் தாண்டியது. எல்லாருக்கும் மகிழ்ச்சி. ஆனால் 2021-இல் அந்தச் செல்களின் மரபணு வெளிப்பாட்டை நுணுக்கமாகப் பார்த்த குழு ஒன்று, இவை ரத்தக்குழாய்ச் செல்களைவிட, உறுப்புகளின் மேற்பரப்பைப் போர்த்தும் எபிதீலியல் செல்களையே அதிகம் ஒத்திருக்கின்றன என்று காட்டியது. உயர்ந்த எண் கிடைத்தும், அது சரியான செல்லிலிருந்து வந்ததா என்ற சந்தேகம் எழுந்துவிட்டது. அதன் விவாதம் இந்தத் துறைக்குள் இன்னும் ஓயவில்லை.

நோயில் நடப்பதும் இதன் மறுபக்கம்தான். அக்கம்பக்கத்துச் செல்கள் நலிந்தால் குழாய் மறக்கிறது. குழாய் மறந்தால் அக்கம்பக்கம் மேலும் நலிகிறது.

நோய்களில் என்ன ஆகிறது

உடம்பின் நோய் எதிர்ப்புச் செல்களே நரம்புகளின் உறையைத் தாக்கும் மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயில் தடுப்பு உடைவதை ஸ்கேன் படத்திலேயே பார்க்கலாம். கடோலினியம் கலந்த மருந்தை நரம்பில் செலுத்தி எம்.ஆர்.ஐ. எடுத்தால், புதிதாக அழற்சி வந்த இடங்கள் வெள்ளையாக ஒளிரும். சில வாரங்களில் அந்த ஒளிர்வு மறையும், வடு மட்டும் மிஞ்சும். இங்கே முக்கியமான பிரச்சினை மூலக்கூறுகள் கசிவதைவிட, டி-செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் உள்ளே ஏறுவது. குழாய்ச்சுவர் ஒட்டும் மூலக்கூறுகளை வெளியே நீட்டுகிறது, ஓடும் டி-செல்கள் அதில் பற்றி நின்று ஊடுருவுகின்றன. அந்தப் பிடியை மறைக்கும் ஆன்டிபாடிதான் நடாலிசுமாப். 2004-இல் அனுமதி பெற்றது, சில மாதங்களில் திரும்பப் பெறப்பட்டது, 2006-இல் கட்டுப்பாடுகளோடு மறுபடி வந்தது. மறிப்பதற்கும் ஒரு விலை இருந்ததே காரணம். காவல் செல்கள் மூளைக்குள் போகாததால், உறங்கிக் கிடந்த ஜே.சி. வைரஸ் சிலருக்கு மூளையின் வெண்பகுதியை அழித்தது. வாசலை மூடினால் நல்லவர்களும் வெளியேதான் நிற்க வேண்டும்.

பக்கவாதத்தில் கதை மணிக்கணக்கில் ஓடுகிறது. ரத்தம் நின்ற பகுதியில் முதலில் குமிழ்வழிப் போக்குவரத்து கூடுகிறது. எலிகளில் ஆறு மணி நேரத்திலேயே இது தெரிகிறது. தையல் பிரிவது இரண்டு நாளுக்குப் பிறகு. 2014-இல் இந்த வரிசை வெளியானபோது, தையலையே முதல் குற்றவாளியாகப் பார்த்துவந்த பலருடைய கணக்கு மாறியது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்வதிலும் தடுப்புக்குப் பங்கு உண்டு. நேரம் போகப்போகக் குழாய்ச்சுவரின் அடிச்சவ்வை நொதிகள் அரிக்கின்றன. அந்த நிலையில் ரத்தம் திரும்ப வேகமாகப் பாய்ந்தால் மூளைக்குள்ளேயே கசிவு ஏற்படும் ஆபத்து கூடுகிறது.

வலிப்பு நோயில்தான் காரணமும் விளைவும் ஒன்றையொன்று துரத்துகின்றன. வலிப்பு வந்தால் தடுப்பு சிறிது நேரம் தளரும் என்பது பழைய செய்தி. தளர்ந்த தடுப்பே வலிப்பை உண்டாக்குமா என்ற கேள்விக்கு 2000-களில் பதில் கிடைத்தது. ரத்தத்தின் சாதாரணப் புரதமான ஆல்புமின் மூளைக்குள் வந்தால், ஆஸ்ட்ரோசைட்டுகளில் உள்ள டி.ஜி.எஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதத்துக்கான ஏற்பியைத் தூண்டுகிறது. அந்தச் செல்கள் பொட்டாசியத்தை உறிஞ்சும் வாய்க்கால்களைக் குறைத்துக்கொள்கின்றன. நரம்புச் செல்களைச் சுற்றிப் பொட்டாசியம் தேங்கினால் அவை எளிதில் பொறிதட்டும். எலிகளின் மூளையில் ஆல்புமினை மட்டும் செலுத்தியே இந்த மாற்றங்களை வரவழைக்க முடிந்தது. தலையில் அடிபட்டுச் சில மாதங்கள் கழித்துச் சிலருக்கு வலிப்பு தொடங்குவதைப் புரிந்துகொள்ள இது ஒரு வழி திறக்கிறது. ஒரு பொருள் ரத்தத்தில் இருக்கும்வரை அப்பாவி, இடம் மாறினால் வேறு ஆள்.

அல்சைமர் நோயில்தான் வாதம் சூடாக இருக்கிறது. 2015-இல் வெளியான ஓர் எம்.ஆர்.ஐ. ஆய்வு, வயதாகும்போது நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் தடுப்பு தளர்வதைக் காட்டியது. லேசான மறதி உள்ளவர்களிடம் தளர்வு இன்னும் கூடுதல். 2020-இல் அதே வழியில் வந்த ஆய்வு, அல்சைமர் ஆபத்தைக் கூட்டும் ஏ.பி.ஓ.ஈ-4 மரபணு வகை உள்ளவர்களிடம், மறதி தொடங்கும் முன்பே இந்தத் தளர்வு இருப்பதைச் சொன்னது. அல்சைமர் மூளையில் சேரும் புரதங்களான அமிலாய்டோ டாவோ இதை விளக்கவில்லை என்றும் சொன்னது. இதை வைத்து, நோயே குழாயில்தான் தொடங்குகிறது என்று சிலர் பேசுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். முன்னால் வந்தது என்பதாலேயே ஒன்று காரணமாகிவிடாது. இரண்டையும் வேறொன்று தள்ளிவிட்டிருக்கலாம். ஆனால் குழாயைக் கணக்கில் எடுக்காமல் இந்த நோயைப் பேச முடியாது என்பது மட்டும் உறுதி. அமிலாய்டைக் கரைக்கும் லெகனெமாப் போன்ற புதிய ஆன்டிபாடிகளின் முக்கியப் பக்கவிளைவே மூளையில் வீக்கமும் நுண் ரத்தக்கசிவும்தான். அதுவும் ஏ.பி.ஓ.ஈ-4 இரண்டு பிரதிகள் உள்ளவர்களுக்கே அதிகம் வருகிறது.

மனிதர்களில் இதை அளப்பது லேசுப்பட்ட காரியமில்லை. தண்டுவடத் திரவத்திலும் ரத்தத்திலும் ஆல்புமின் அளவை ஒப்பிடும் விகிதம் மருத்துவமனைகளில் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. அது வயதோடு ஏறும், திரவம் ஓடும் வேகம் குறைந்தாலும் ஏறும், மூளையின் எந்த மூலையில் பழுது என்றும் சொல்லாது. எம்.ஆர்.ஐ. முறை இடத்தைச் சொல்லும். ஆனால் அல்சைமரில் பார்க்கும் கசிவு மிக நுண்ணியது, கருவியின் இரைச்சலுக்கு மிக அருகில் கிடக்கிறது. இறந்தவர்களின் மூளையில் ரத்தப் புரதங்களைத் தேடலாம், ஆனால் உயிர் பிரியும் வேளையிலும் அதன் பிறகும் நடந்த கசிவை நோயின் கசிவிலிருந்து பிரிப்பது கடினம். இதனால்தான் கிண்ணத்துச் செல்லும் எலியும் இன்னும் தேவைப்படுகின்றன.

எட்டு வாரத்தில் கேட்கக்கூடிய கேள்வி

மாணவர்கள் பலரும் 'அல்சைமரில் தடுப்பு ஏன் உடைகிறது' என்ற கேள்வியோடு வருகிறார்கள். நல்ல கேள்வி. ஆனால் ஆறு, எட்டு வாரப் பயிற்சியில் அது முடியாது. முடிகிற கேள்வி இப்படி இருக்கும்: அழற்சியில் சுரக்கும் டி.என்.எஃப்-ஆல்பாவை 24 மணி நேரம் கொடுத்தால், இந்தச் செல் அடுக்கில் சிறிய மூலக்கூறு கடப்பது கூடுகிறதா, பெரியதும் கூடுகிறதா? கேள்வி சிறியதுதான். ஆனால் இதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல மேலே எழுதியது அத்தனையும் வேண்டியிருக்கிறது.

சிறியதற்கு 376 டால்டன் எடையுள்ள சோடியம் ஃபுளோரசீன், பெரியதற்கு 70,000 டால்டன் டெக்ஸ்ட்ரான் (ஒரு நீண்ட சர்க்கரைச் சங்கிலி) என்று இரண்டையும் வைத்துக்கொள்வது நல்லது. ஃபுளோரசீன் மட்டும் கூடினால் தையல் இளகியிருக்கலாம். இரண்டும் ஒரே அளவில் ஓடி வந்தால் அடுக்கில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது, செல்கள் செத்திருக்கலாம். அதனால் செல் உயிரோடிருக்கிறதா என்ற சோதனையும் கூடவே ஓட வேண்டும். ஃபுளோரசீனைச் சில பம்புகளும் கையாளும் என்பதால் அதன் எண் முழுக்கத் தையலின் எண் ஆகாது.

மின்தடைக்கு வந்தால், செல்கள் இல்லாத வெற்றுச் சவ்வின் மின்தடையை அளந்து கழிக்க வேண்டும், பிறகு சவ்வின் பரப்பால் பெருக்க வேண்டும். இந்தப் பெருக்கலை மறந்துவிட்டு வரும் எண்கள் வேறு ஆய்வோடு ஒப்பிட உதவாது. தட்டை இன்குபேட்டரிலிருந்து எடுத்ததும் அளந்தால் ஒரு எண், ஆறியபின் அளந்தால் இன்னொரு எண். மின்முனை கொஞ்சம் சாய்ந்தால் மூன்றாவது எண். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே செய்யாத செல்களை மட்டும் தினமும் அளக்கச் சொல்லும் வழிகாட்டி கிடைத்தால் மாணவர் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தன் கையின் தடுமாற்றம் எவ்வளவு என்று தெரியாதவருக்கு, மருந்தால் வந்த மாற்றம் எவ்வளவு என்றும் தெரியாது.

எலி மூளையிலிருந்து நேரடியாகச் செல் எடுக்கும் ஆய்வுக்கூடங்களில் ஓர் அழகான உத்தி உண்டு. மூளையைக் கூழாக்கி நுண்குழாய்களைப் பிரித்தாலும் பெரிசைட்டும் வேறு செல்களும் கலந்தே வரும். அதில் புரோமைசின் என்ற நஞ்சைச் சில நாள் சேர்ப்பார்கள். எண்டோதீலியல் செல்களிடம் பி-கிளைக்கோபுரோட்டீன் பம்பு நிறைய இருப்பதால் அவை நஞ்சை வெளியே இறைத்துத் தப்பிக்கும், மற்றவை மடியும். எந்தப் பம்பு இல்லாததால் அந்தச் சுண்டெலிகள் ஐவர்மெக்டினில் செத்தனவோ, அதே பம்பு இங்கே தட்டைச் சுத்தம் செய்து தருகிறது. இதைப் படிப்பதற்கும், மறுநாள் காலை நுண்ணோக்கியில் நேரில் பார்ப்பதற்கும் உள்ள தூரம்தான் பயிற்சியின் பயன்.

க்ளாடின்-5-க்கு நிறம் ஏற்றிப் படம் எடுக்கும்போது ஒரு சபலம் வரும். பன்னிரண்டு படங்களில் கோடு உடைந்து தெரியும் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அறிக்கையில் போடத் தோன்றும். எந்தக் குழியில் மருந்து, எந்தக் குழியில் மருந்தில்லை என்று தெரியாதவாறு பெயர்களை மறைத்து, வேறொருவரை எண்ணச் சொல்வதே வழி. அப்புறம், ஒரே நாளில் ஒரே செல் தொகுதியிலிருந்து நிரப்பிய ஆறு குழிகள் ஆறு சோதனைகள் ஆகாது. அது ஒரே சோதனையை ஆறு முறை பார்த்தது. வேறு வேறு நாளில் வேறு தொகுதியில் மூன்று முறை செய்தால்தான் மூன்று. இந்த ஒரு தவறைத் திருத்தினாலே, மாணவர்களின் ஆய்வுச் சுவரொட்டிகளில் 'இந்த வித்தியாசம் தற்செயல் இல்லை' என்று காட்டப் போடும் நட்சத்திரக் குறிகளில் பாதி காணாமல் போகும் என்று நினைக்கிறேன். போனால் போகட்டும், மீதி நிற்பது நம்பத்தக்கது.

எட்டாவது வாரக் கடைசியில் கையில் இருப்பது இப்படி இருக்கலாம்: டி.என்.எஃப்-ஆல்பா கொடுத்த குழிகளில் ஃபுளோரசீன் சற்றுக் கூடுதலாகக் கடந்தது, டெக்ஸ்ட்ரானில் வித்தியாசம் தெரியவில்லை, மின்தடை 40-லிருந்து 31-க்கு இறங்கியது, மூன்று முறையில் இரண்டு முறை. 1,500-இல் இருக்க வேண்டிய தடுப்பு ஏற்கெனவே 40-இல் நிற்கும்போது இந்த ஒன்பது புள்ளிச் சரிவுக்கு என்ன பொருள் என்று அறிக்கையில் எழுதியாக வேண்டும். அதை எழுத உட்காரும் மாணவர், அநேகமாக அன்று மாலையே வழிகாட்டியிடம் போய், கிண்ணத்தின் அடியில் பெரிசைட்டுகளைச் சேர்த்து இன்னொரு முறை செய்து பார்க்கலாமா என்று கேட்பார்.